தம்பி பங்குப் பிரசாதம்

சூடாத்தான் வெச்சிருக்காங்களாம் அந்த ஈரலை. ஐஸ்ல இல்லையாம். காலையிலேயே டாக்டரம்மா வந்து என்னையும் தம்பி பொண்டாட்டி வளர்மதியையும் ஒரு சின்ன ரூம்ல உக்கார வெச்சுச் சொன்னாங்க. வேற ஊர்ல மூளைச்சாவு ஆன ஒருத்தரோட ஈரல் வந்திருக்கு, உங்க காளிராசுக்கு ரத்த வகையெல்லாம் பொருந்துது, ஆனா அதுல கொழுப்பு இருக்கு, அதனாலேயே வேற ஆஸ்பத்திரியில எல்லாம் வேண்டாம்னு தள்ளிவிட்டுட்டாங்கன்னு. கொழுப்புன்னு அவங்க வாயில வந்ததும் வளர்மதி நிமிர்ந்து என்னைப் பார்த்தா. என்னைப் பார்த்திருக்க மாட்டா. என் தலைக்கு மேல கடிகாரம் மாட்டியிருந்துச்சு, அதைத்தான் பார்த்திருப்பா பாவம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க, எவ எங்கே பார்த்தாலும் என் வயித்தையே பார்க்கிற மாதிரி இருக்கு, முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கிறேன். கொழுப்புள்ள ஈரலை ஐஸ்ல வெச்சா தாங்காதும்மா, மார்கழியில தேங்காயெண்ணெய் உறையிற மாதிரி உள்ளே இறுகிப்போயிரும், அப்புறம் இன்னொரு உடம்புல வெச்சுத் தெச்சு ரத்தத்தைத் திறந்துவிடும்போது பலமா அடி வாங்கும், ரத்தம் நின்னப்ப படுற காயத்தைவிட ரத்தம் திரும்பி வர்றப்ப படுற காயம்தான் பெருசுன்னாங்க. எனக்கு அது புரியலை. நல்லது திரும்பி வந்தா எப்படிக் காயம் படும்? கேக்கலாம்னு வாயைத் திறந்தேன், எனக்கெல்லாம் கேள்வி கேக்க என்ன யோக்கியதைன்னு மூடிக்கிட்டேன். அதனாலதான் மிஷின்ல வெச்சிருக்கோம், உடம்புச் சூட்டுலயே ரத்தத்தை ஓட விட்டுக்கிட்டே இருக்கோம், தான் இன்னும் உடம்புக்குள்ளதான் இருக்கோம்னு நெனச்சு அது பாட்டுக்கு வேலை பார்க்கும், பித்தநீர் சுரக்குதான்னு மத்தியானம் வரைக்கும் பார்ப்போம், சுரந்தா தம்பிக்கு வெக்கிறோம், சுரக்கலைன்னா இல்லை. இன்னொண்ணுக்காகக் காத்திருக்கிற நிலைமையில தம்பி இல்லை, அதையும் மறைக்காமச் சொல்லிடுறேன்னாங்க. அப்பதான் வளர்மதி கேட்டா: "கொழுப்பு இருக்குன்னுதானே எங்க மதினியோடத வேண்டாம்னீங்க. இதை மட்டும் எப்படி டாக்டர்?" ரொம்ப மெதுவாத்தான் கேட்டா, சண்டைக்கு இல்லை. எனக்குத்தான் காது ரெண்டும் எரிஞ்சுச்சு. டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க: "இறந்துபோனவருக்கு இனி நம்மால ஒரு கெடுதலும் வராதும்மா. உங்க மதினி உசுரோட இருக்கறவங்க. பாதியை அறுத்துக் கொடுத்துட்டு மீதிப் பாதியில பொழைக்கணும். அதுல கொழுப்பு ஏறியிருந்தா அக்காவும் இல்லை தம்பியும் இல்லைன்னு ஆயிரும்." சொல்லிட்டு என் கையைத் தட்டிக் கொடுத்தாங்க. அந்தக் கையைத் தட்டிக் கொடுத்திருக்கவே வேண்டாம் அவங்க.

இப்ப இந்த ஹால்ல உக்கார்ந்திருக்கோம். வளர்மதி சுவர்ல தலையைச் சாய்ச்சுக் கண்ணை மூடியிருக்கா, தூங்கலை, உதடு அசையுது. எதிர்ல டிவியில சத்தமே இல்லாம எவளோ ஒருத்தி எண்ணெய்ச் சட்டியில என்னத்தையோ பொரிச்சுப் பொரிச்சு எடுக்கா. ஆஸ்பத்திரியில போடுற படமா இது? கண்ணை எடுக்கத்தான் நினைக்கேன், எடுத்தா மறுபடியும் அங்கேயே போகுது. பசிக்குது. தம்பி உசுரு ஒரு பெட்டிக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு, எனக்குப் பசிக்குது, வெக்கங்கெட்ட வயிறு. நான் ஜாக்கெட் தைக்கிறவ. சாத்தூர் மெயின் ரோட்டுல கடை. ஒருத்தி படியேறி வரும்போதே இடுப்பு இத்தனை, மார்பு இத்தனைன்னு மனசுக்குள்ள ஓடிரும், டேப்பு சும்மா அவங்க திருப்திக்கு. மெலிஞ்சா சொல்லுவேன், பெருத்தா சொல்ல மாட்டேன், "துணி சுருங்கியிருக்கும்க்கா"ன்னு தைச்சு விட்டுருவேன், எந்தப் பொம்பளைக்கும் அது பிடிக்கும். என் இடுப்புல மட்டும் அந்த டேப்பை வெச்சுப் பார்த்து எத்தனை காலம் ஆச்சோ. முதல்ல இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப ஸ்கேன் எடுத்துட்டு இதே டாக்டரம்மாதான் சொன்னாங்க, உங்க ஈரல்ல கொழுப்பு இருக்கேம்மான்னு. தம்பிக்கும் அதே கதைதான், ஒரு சொட்டு குடிச்சதில்லை, கொழுப்பு முத்தியே ஈரல் சுருங்கிப்போச்சு, ஆனா தாலுகா ஆபீஸ் பக்கத்துல அவன் நடத்துற ஜெராக்ஸ் கடைக்கு வர்றவன் எல்லாம் குடிகாரன்னு பேசிட்டுப் போனான், வளர்மதி அதுக்கும் அழுதா. சரி, என் ஈரல்லயும் கொழுப்புன்னு டாக்டரம்மா சொன்ன அந்த நிமிசம் எனக்கு என்ன தோணுச்சு? அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கேன். கணக்குப் போடத் தெரியாத பிள்ளை கடைசி பெஞ்சுல உக்கார்ந்திருக்க, வாத்தியார் அதுக்கு அடுத்த பேரைக் கூப்பிட்டா எப்படி இருக்கும். அப்படி இருந்துச்சு. அப்பாடான்னு. முகத்துல வந்துச்சோ என்னவோ, உடனே அழுதேன். அழுகை பொய் இல்லை. அதுவும் வந்துச்சு, இதுவும் வந்துச்சு. எது முதல்ல வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், அதான் தொல்லை. அதோட விட்டாங்களா? குறைச்சிரலாம்மா, ஒண்ணரை மாசம், அரிசியைக் குறைங்க, எண்ணெய், நெய், இனிப்பு தொடாதீங்க, தினமும் நடங்க, ஈரல் கொழுப்பு மாதிரி சீக்கிரம் கரையறது வேற இல்லைன்னாங்க. பேரைத் தாண்டிப் போன வாத்தியார் திரும்பி வந்துட்டார்.

ஊருல பரவிருச்சு. சந்தனமாரி தம்பிக்கு ஈரலைக் கொடுக்கா. கடைக்குத் துணி கொடுக்க வந்தவள்லாம் என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாகன்னு ஒரு கிழவி சொல்லுது. எங்கே ஆடுச்சு? ஏறிக்கிட்டுல்ல இருந்துச்சு. நான் நல்லாத்தான் ஆரம்பிச்சேன், அதைச் சொல்லணும். ஓட்ஸுங்கிற கண்றாவியைக் கரைச்சுக் குடிச்சேன், மத்தியானம் ஒரு கரண்டி சோறு, வெள்ளரிக்கா, விடிகாலையில ரயில்வே பீடர் ரோட்டுல நடை. பாவாடை நாடா ஒரு முடிச்சு உள்ளே போச்சு. அப்புறம்தான் அந்தப் பொம்பளையைப் பார்த்தேன். நடுவுல ஒரு தடவை டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வந்தப்ப, ஏற்கெனவே புருசனுக்குக் கொடுத்தவங்க ஒருத்தங்ககிட்டப் பேசுங்க, தைரியம் வரும்னு அனுப்பினாங்க. அவங்க நல்ல மனுசி. சிரிச்ச முகம். "ஒண்ணும் இல்லைக்கா, கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான்"னு சொல்லிட்டு, கதவைச் சாத்தி, சேலையை விலக்கிக் காட்டினாங்க. நெஞ்சுக்குழியில ஆரம்பிச்சு நேரா இறங்கி அப்படியே வலப்பக்கம் திரும்பி விலா வரைக்கும். நான் தினமும் துணியை வெட்டுறவ. அந்த வெட்டைப் பார்த்ததும் என் கை தானா கத்தரி போற வழியைப் போட்டுப் பார்த்துருச்சு. இது உடம்பு, பின்னால தப்பாப் போச்சுன்னா ஒட்டுப் போட முடியாதுன்னு ஓடுச்சு. வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். லாரியில லோடு ஏத்தப் போக சட்டை மாட்டிக்கிட்டு நின்னார். வேண்டாம் சந்தனம், எனக்கு நீ வேணும், நம்ம பிள்ளை இன்னும் காலேஜ் முடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுவார்னு வாயையே பார்த்துக்கிட்டு நின்னேன். "உன் இஷ்டம், உன் தம்பி"ன்னுட்டார். நல்லவர்தான். தடுத்தார்ங்கிற பேரு அவருக்கு வேண்டாம், அதனால அதை என் தலையில வெச்சுட்டுப் போயிட்டார். அவரைத் திட்டுறது எனக்குச் சௌகரியமா இருக்கு, இப்பகூடப் பாரு, எங்கேயோ ஆரம்பிச்சு அவர்கிட்டக் கொண்டுபோய் நிறுத்திட்டேன்.

மாவிளக்கு அதுக்கு அடுத்த வாரம். அம்மா நேர்ந்திருந்தா, இருக்கன்குடி ஆத்தாளுக்கு மகன் வயித்துல மாவிளக்கு எடுக்கிறேன்னு. வயித்து நோவுக்கு எங்க பக்கம் அதுதான் வழக்கம், நோயாளி மல்லாந்து படுக்கணும், வயித்துல ஈரத்துணி, அதுக்கு மேல வாழையிலை, அதுல பச்சரிசி மாவும் வெல்லமும் இடிச்சுப் பிடிச்ச உருண்டை, நடுவுல குழி, குழி நிறைய நெய், திரி. காளிராசு எங்கே படுக்க? வயிறு நீர்கோத்துப் பானையா நிக்குது, கார்ல உக்காரவே முடியலை. "ஏட்டி, நீதானே அவனுக்குக் கொடுக்கப் போறவ, அவனுக்குப் பதிலா நீ படு. ஆத்தாளுக்குத் தெரியாதா"ன்னுட்டா அம்மா. படுத்தேன். முதுகுக்குக் கீழே கோயில் கல்லு சுட்டுச்சு, மேலே நெய் சுட்டுச்சு. என் ஈரலுக்கு நேர் மேல சுடர் ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஆத்தா, அவனை எழுப்பி விடுன்னு நான் வேண்டினது சத்தியம், அதுல கள்ளம் இல்லை. என்னை வெட்டாம எழுப்பி விடுன்னு அடுத்த மூச்சுல வேண்டினதும் சத்தியம். திரி அணைஞ்சதும் அம்மா உருண்டையை உடைச்சா. திரி எரிஞ்ச இடத்துல நெய் ஊறிக் கொஞ்சம் தீஞ்ச மாதிரி இருக்குமே, அதுதான் ருசி. டாக்டர் வேண்டாம்னாங்கம்மான்னேன். வாயில அடிச்சுக்கிட்டா. "பிரசாதத்தைப் போய் வேண்டாம்பாளா ஒருத்தி? அவனாலதான் திங்க முடியலை, அவன் பங்கையும் நீ தின்னு, அவனுக்குச் சேரும். சாமி சோறு உடம்புல ஒட்டாதுட்டி." தின்னேன். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். பெரியம்மா மகன் பழனியில இருந்து பஞ்சாமிர்தம், வளர்மதியோட அம்மா வீட்டுல இருந்து திருப்பதி லட்டு, பெருமாள் கோயில் சர்க்கரைப் பொங்கல், சொந்தத்துல ஒருத்தர் விடாம எல்லாரும் காளிராசுக்காக ஒரு சாமிகிட்டப் போனாங்க, அத்தனை சாமியும் இனிப்பைக் கொடுத்து விட்டுச்சு. அவன் முன்னால நீட்டுவாங்க, அவன் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு என் பக்கம் தள்ளுவான். நடக்கச் சொன்னாங்கல்ல, நடந்தேன், கோயிலுக்கு நடந்தேன், தொன்னையோட திரும்பி வந்தேன். என்னைப் பார்த்து எங்க சித்தி "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு அப்பவே சொன்னேன்ல"ன்னு கேலி பண்ணினப்ப எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்.

அம்மாவோட அறியாமைன்னு விட்டுறலாம். அவ எட்டாவது படிச்சவ, எனக்கு என்ன வந்துச்சு? நான் பிளஸ் டூ. வெல்லம் எந்தக் கோயில்ல இடிச்சாலும் வெல்லம்தான்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா முதல்ல நிஜமாவே தெரியாத மாதிரிதான் இருந்துச்சு. கையில வாங்கும்போது பக்தி, வாயில போடும்போது பக்தி, தொண்டையில இறங்கும்போதுதான் அது வேற என்னமோவா ஆகுது. எந்த இடத்துல மாறுச்சுன்னு பிடிக்கப் பார்க்கேன், சிக்க மாட்டேங்குது, ஊசியில நூலைக் கோக்கும்போது பிரி பிரிஞ்சு ஒண்ணு உள்ளே போய் ஒண்ணு வெளியே நிக்குமே, அந்த மாதிரி நிக்குது. ஒரு மத்தியானம் மட்டும் நல்லாத் தெரியும். கரண்ட் போயிருச்சு, மிஷின் ஓடலை, கடையில யாரும் இல்லை. பஞ்சாமிர்த டப்பா மேஜைக்கு அடியில இருந்துச்சு. திறந்து விரலாலேயே வழிச்சேன். முருகா இல்லை, தம்பி இல்லை, ஒருத்தரும் மனசுல இல்லை. அந்தப் பொம்பளையோட வயித்து வெட்டுதான் கண்ணுக்குள்ள. டப்பா அடியில விரல் உரசுற வரைக்கும் வழிச்சேன். அது பிரசாதம் இல்லை. அதுக்கு என்ன பேரோ. அப்புறம் கையைக் கழுவிட்டு வந்து உக்கார்ந்தா, தெருவுல போன வாத்தியார் வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "தம்பிக்காக வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கிடக்கியாமே, உங்கம்மா சொல்லி அழுதாங்க, நீ தெய்வம்டி"ன்னுட்டுப் போறாங்க. விரல் இன்னும் பிசுபிசுன்னு இருந்துச்சு. ஒண்ணரை மாசம் கழிச்சு ஸ்கேன். குறையலையேம்மா, கொஞ்சம் கூடித்தான் இருக்கு, நீங்க முயற்சி பண்ணியிருப்பீங்க, சில பேர் உடம்பு வாகு அப்படி, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கன்னு இந்த டாக்டரம்மாவே சொன்னாங்க. கோவிச்சு நாலு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா. என்னம்மா தின்னீங்கன்னு ஒரு தடவை கேட்டிருந்தா எல்லாத்தையும் கொட்டியிருப்பேன். கொட்டியிருக்க மாட்டேன். இதையும் நம்பாதே சந்தனம், நீ கொட்டியிருக்க மாட்டே.

உள்ளே எங்கேயோ அது ஓடிக்கிட்டு இருக்கு. யாரோ ஒரு ஆம்பளை. பேரு சொல்ல மாட்டாங்களாம். நல்லாச் சாப்பிட்டு வாழ்ந்த மனுசனா இருக்கும், ராத்திரி கடை மூடிட்டு வரும்போது புரோட்டாவைப் பிச்சுப்போட்டு சால்னா ஊத்தி, ஞாயித்துக்கிழமை கறி எடுத்து, பொண்டாட்டி போதும்போதும்னாலும் இன்னும் ஒரு கரண்டி வாங்கி. அவருக்கும் எனக்கும் ஒரே ஈரல். ஒரே கொழுப்பு. அவர் யாருக்கும் எதையும் கொடுக்கிறேன்னு சொல்லியிருக்க மாட்டார், ஊரு அவர் கையைக் கண்ணுல ஒத்தியிருக்காது, ஆனா கொடுத்துட்டார். நான் சொன்னேன். அவரோட கொழுப்புக்கு வெதுவெதுப்பா ரத்தம் ஓட விட்டு, காத்துக் கொடுத்து, அடி படாம, இறுகாம, பக்கத்துலயே ஆள் நின்னு பார்த்துக்கிடுறாங்க. பார்க்கட்டும். நல்லாப் பார்க்கட்டும். சுரந்துரு ராசா, உங்க வீட்டுல உன்னை நெனச்சு அழுறவங்க நல்லா இருக்கணும், சுரந்துரு. இப்படி வேண்டிக்கிட்டே வர்றேன், திடுக்குனு நின்னு போகுது. யாருக்காக வேண்டுறே சந்தனம்? காளிராசு பொழைக்கணும்னா, இல்லை அவன் போயிட்டா கொன்னவ நான்ங்கிறதுல இருந்து நீ தப்பிக்கணும்னா? சுரக்கலைன்னா அவன் இல்லை. அவ்வளவுதான், வேற வழி கிடையாது, அந்த டப்பாவை வழிச்சது நான். அவனுக்கு மஞ்சக்காமாலைன்னு முதல்ல சொன்னப்ப, அக்கா இருக்கேன்ல, உனக்கு என்னடா பயம்னு அவன் தோளைத் தட்டினேன். அவன் அதை நம்பிட்டான். சின்னதுல இருந்தே நான் சொன்னா நம்பிருவான், கிறுக்குப்பய. சரி, யாருக்காகவோ இருந்துட்டுப் போகட்டும், வேண்டுறவ கேடுகெட்டவன்னு வேண்டுதலைத் தள்ளிறாதே ஆத்தா. எனக்குச் செய்ய வேண்டாம், எனக்கு என்ன வேணும்னாலும் செய், அவனுக்குச் செஞ்சுரு. டிவியில அவ பொரிச்சு முடிச்சு இப்ப பாகு காய்ச்சுறா. கேன்டீன் பக்கம் இருந்து நெய் வாடை வருது, வாயில எச்சி ஊறுது, முழுங்குறேன்.

வளர்மதி என் முழங்கையை இறுக்கிப் பிடிச்சா. டாக்டரம்மா வர்றாங்க, முகக்கவசத்தை இறக்கி விட்டுக்கிட்டு வேகமா வர்றாங்க. "சுரக்குதும்மா. நல்ல நிறமாவே வருது. பயந்த அளவுக்கு இல்லை, தாங்கிருச்சு. இன்னும் ஆபரேஷன் இருக்கு, இப்பவே எதுவும் சொல்ல மாட்டேன், ஆனா இதை நம்பி இறங்கலாம்." வளர்மதி அப்படியே என் மேல சாஞ்சு, ஐயோ மதினி, ஐயோ மதினின்னு அழுறா, எல்லாம் நீங்க எடுத்த மாவிளக்குதான் மதினின்னு என் வயித்துலயே முகத்தைப் புதைச்சுக்கிட்டு அழுறா. அவ தலையைத் தடவிக் கொடுக்கேன். சந்தோசமா இருக்கா எனக்கு? இருக்கு. நெஞ்செல்லாம் இருக்கு. அதுக்கு நடுவுல அதே அப்பாடாவும் இருக்கு, போகலை, அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுக்குள்ள அந்த வழியா அவனைத் தள்ளிக்கிட்டு வந்துட்டாங்க. பச்சைத் துணி, தலைக்குத் தொப்பி, கண்ணு ரெண்டும் மஞ்சளா, கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் மேடா. அக்காகிட்டப் பேசணும்னான் போல, தள்ளுற ஆளு கொஞ்சம் நிறுத்தினார். வளர்மதி அவன் காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. நான் தலைமாட்டுல குனிஞ்சேன். இப்பச் சொல்லிறணும், உள்ளே போறதுக்கு முன்னால சொல்லிறணும், டேய் தம்பி நான் உனக்கு ஒண்ணு பண்ணிட்டேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. எனக்கு லேசாகணும்னு சாகக்கிடக்கிறவன் மேல இறக்கி வெக்கவா, அதுவும் எனக்காகத்தானேன்னு அங்கேயே நின்னுச்சு. அவன்தான் பேசினான். குரலே இல்லை, காத்துதான் வந்துச்சு.

"சாப்பிட்டியாக்கா?"

ஆமாவா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதும். இனிமேதான்டான்னேன் கடைசியில.

ஊசி குத்தி வீங்கின கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடிச்சான். சில்லுனு இருந்துச்சு. "எனக்காகப் பட்டினி கிடந்ததெல்லாம் போதும்க்கா. அதான் வேற கிடைச்சுருச்சுல்ல. போய் வயிறாரச் சாப்பிடு."

சரிடான்னேன். தள்ளிக்கிட்டு உள்ளே போயிட்டாங்க.